ஏகாண்டம் என்று சொல்லி ஒட்டு வீணையைத் தலையில் கட்டிவிட்டார்கள்

வீணை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

மகளுக்காகப் போன வருடம் சென்னையில் ஒரு கடையில் 62,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். "ஏகாண்ட வீணை சார். குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே பலாமரத்துல குடைஞ்சது. தஞ்சாவூர் சரக்கு, புவிசார் குறியீடு இருக்கு" என்றார் கடைக்காரர். (குடம் என்பது நாதம் எழும்பும் உருண்டைப் பகுதி, தண்டி நீண்ட கழுத்து, யாளி அதன் முனையில் உள்ள தலை.) 2013-ல் தஞ்சாவூர் வீணைக்கு அந்தக் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் தஞ்சாவூரில் ஏகாண்டமும் செய்கிறார்கள், தனித்தனித் துண்டுகளாகச் செதுக்கிச் சேர்க்கும் ஒட்டு வீணையும் செய்கிறார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான்காம் மாதமே நாதம் மாறிவிட்டது. முதல் தந்தியான சாரணியை மீட்டினால் கார்வை நிற்காமல் சட்டென்று அடங்கியது. மகளின் டீச்சர் வாசித்துப் பார்த்து, "பன்னிரண்டாம் மெட்டுல மேல் ஸட்ஜம் சேரல, தந்தியும் மெட்டை விட்டு ரொம்ப எழும்பியிருக்கு" என்றார். மெட்டு என்பது தண்டியின் மேல் குறுக்கே வரிசையாக இருக்கும் உலோகக் கம்பி. அதைப் பிடித்திருக்கும் மெழுகு இளகியிருக்கும், மறுபடி மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதித்தால், சரியாகிவிடும் என்று நினைத்துத் தஞ்சாவூருக்கே கொண்டுபோனேன்.

அங்கே வீணை செய்யும் பெரியவர் ஒருவர் அதை மடியில் கவிழ்த்துப் போட்டார். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் அலங்காரமாக ஓடும் வெள்ளைப் பட்டையை நகத்தால் நெம்பினார். அடியில் மயிரிழை விரிசல். அதற்குள் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருந்தார்கள். "இது ஒட்டு, தம்பி. அதுவும் காயாத மரம். சுருங்கி மூட்டு விட்டுப்போச்சு, தந்தி இழுக்குற இழுப்புக்குத் தண்டி வளைஞ்சு கொடுத்திருக்கு" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒட்டு வீணை மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகக் காய்ந்த மரத்தில் மூட்டு பிசகாமல் செய்தது நன்றாகவே பேசும், விலையும் குறைவு. தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கும் குதிரை வழியாகப் பலகைக்கும் குடத்துக்கும் இறங்கித்தான் நாதமாகிறது. மூட்டு ஆடினால் அந்த அதிர்வை அதுவே விழுங்கிவிடும். மேளம் 24 மெட்டுக்கும் புதிதாகக் கட்டினாலும் நிற்காது என்று பெரியவர் கைவிரித்துவிட்டார்.

கடைக்குப் போன் செய்தால், "வெயில்ல வச்சிருப்பீங்க" என்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். "வீணை - 1" என்று மட்டும் இருக்கிறது.

கடையில் வீணையைக் கவிழ்த்துப் பாருங்கள். குடத்தின் முதுகிலிருந்து தண்டிவரை மரத்தின் ரேகை அறுபடாமல் ஓட வேண்டும். ரேகையே தெரியாதபடி கெட்டியாகப் பாலிஷ் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் பாலிஷ் போடும் முன்பே பட்டறையில் போய்ப் பாருங்கள். மெட்டுகளின் மேல் ஓடும் ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே மீட்டி, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டி, அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சேர்கிறதா என்று டீச்சரைக் கேட்கச் சொல்லுங்கள். பில்லில் "ஏகாண்டம், பலா" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.