பிழை துறையுடையது, அலைச்சல் நம்முடையது: ரெக்டிஃபிகேஷனா, புகாரா, அப்பீலா, 264-ஆ?

வருமான வரி ரிட்டர்ன் போட்ட பிறகு பெங்களூரு சிபிசியிலிருந்து (ரிட்டர்ன்களைக் கணினியில் ப்ராசஸ் செய்யும் துறையின் மையம்) வரும் 143(1) இன்டிமேஷனில், அதாவது கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் அறிவிப்பில், இரண்டு பத்திகள் அக்கம்பக்கமாக இருக்கும். ஒன்றில் நீங்கள் ரிட்டர்னில் சொன்ன தொகை, மற்றதில் துறையின் கணினி போட்ட தொகை. இரண்டும் ஒத்துப்போனால் பிடிஎஃப்பை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் கடைசியில் ‘கட்ட வேண்டிய தொகை’ என்று ஓர் எண் உட்கார்ந்திருக்கும். சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ்ஸில் பாதியைக் காணோம் என்பார்கள். ஒரே வட்டி வருமானத்தை இரண்டு முறை கூட்டியிருப்பார்கள். தவறு நம்முடையது இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். ஆனால் அதைத் திருத்த வைக்கிற வேலை மட்டும் நம் தலையில். அதற்கான வழிகள்: ரெக்டிஃபிகேஷன் என்னும் திருத்த மனு, புகார், அப்பீல், 264-ஆம் பிரிவின் மறுசீராய்வு.

அந்த இன்டிமேஷனே சட்டப்படி டிமாண்ட் நோட்டீஸ்தான். 30 நாளுக்குள் கட்டாவிட்டால் 220(2)-இன்படி மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். துறை நமக்குத் தர வேண்டிய ரீஃபண்டுக்கு 244ஏ-இன்படி கிடைப்பதோ மாதம் அரை சதவீதம். நாம் தாமதித்தால் ஒரு விலை, அவர்கள் தாமதித்தால் பாதி விலை. திருத்தும் வேலையில் துறைக்கு ஏன் அவசரமே இருப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தின் எண்கள். புதிய 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து அமல், அதில் எண்கள் வேறு. அதற்கு முந்தைய ஆண்டுகளின் சண்டைக்குப் பழைய எண்களே செல்லும்.

பெரும்பாலானவர்கள் கோபத்தின் அளவைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: கொஞ்சம் கோபம் என்றால் புகார், நிறையக் கோபம் என்றால் அப்பீல். பார்க்க வேண்டியது பிழை எங்கே பிறந்தது என்பதைத்தான். கணினியின் கூட்டல் கழித்தலிலா, வரி பிடித்த நிறுவனத்தின் அறிக்கையிலா, சட்டத்தைப் படித்த விதத்திலா? இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கட்டித் தொலைப்பது

இதையும் ஒரு வழியாகச் சேர்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் எடுக்கும் வழி இதுதான். ஆயிரத்துச் சொச்சம் டிமாண்டுக்கு ஆடிட்டர் கட்டணமே அதைவிட அதிகம் என்கிற கணக்கு நியாயமானதுதான். ஒரே தடவை நடந்த பிழை, தொகையும் சின்னது என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வேர் அப்படியே இருக்கும் பிழை என்றால் கதை வேறு. வங்கிக் கோப்பில் யாரோ ஒருவரின் வைப்புக் கணக்கு உங்கள் பான் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இந்த வருஷம் கட்டினால் அடுத்த வருஷமும் கட்ட வேண்டியதுதான்.

கட்டாமல் சும்மா இருப்பது இதைவிட மோசம். 245-ஆம் பிரிவின்படி பின்னால் வரும் ரீஃபண்டில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கழிப்பதற்கு முன் ஒரு நோட்டீஸ் வரும். அதையும் பார்க்காமல் விட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும், வருமான வரி போர்ட்டலில் ‘நிலுவை டிமாண்ட்’ பகுதிக்குப் போய் ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று காரணத்தோடு பதிந்துவையுங்கள்.

பழைய டிமாண்டுகள் எவ்வளவு காலம் சாகாமல் கிடக்கும் என்பதற்கு அரசே சாட்சி. 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் சொன்னபடி, 1962 வரை பின்னால் போகிற சின்னச் சின்ன டிமாண்டுகள் பதிவேட்டில் கிடந்தன. 2009-10 வரையிலான காலத்துக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சரிபார்க்கப்படாதவை, சர்ச்சைக்குரியவை என்று அந்த உரையே ஒப்புக்கொண்டது. ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைவிட மொத்தமாகத் தள்ளுவது துறைக்கே சுலபமாகப் போயிற்று.

ரெக்டிஃபிகேஷன்: முதல் வழி, ஆனால் குறுகல்

154-ஆம் பிரிவு. கட்டணம் இல்லை, ஆடிட்டர் இல்லாமல் நீங்களே போர்ட்டலில் போடலாம். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுகள் வரை நேரம் உண்டு. மனு கிடைத்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்று சட்டமே துறைக்குக் கெடு வைத்திருக்கிறது. காகிதத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

நடைமுறையில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, போர்ட்டலில் வரும் தேர்வுகள். ‘ரிட்டர்னை மறுபடி ப்ராசஸ் செய்’, ‘வரி வரவு பொருந்தாமையைத் திருத்து’, ‘ரிட்டர்ன் தரவைத் திருத்து’ என்று மூன்று முக்கியமானவை இருக்கும். பலரும் முதலாவதை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். கணினி அதே தரவை எடுத்து அதே கணக்கைப் போட்டு அதே டிமாண்டைத் திருப்பி அனுப்பும். குற்றம் கணினியுடையது இல்லை, அதற்குப் புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை.

ஓர் உதாரணம் போட்டால் விளங்கும். நிறுவனம் தந்த ஃபார்ம் 16-இல் 60,000 ரூபாய் பிடித்ததாக இருக்கிறது, 26ஏஎஸ்ஸில் (உங்கள் பானில் வரவான வரியின் பட்டியல்) 36,000 மட்டும்தான் தெரிகிறது. கடைசிக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையில் நிறுவனம் உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டது. இந்த 24,000 பொருந்தாத வரைக்கும் நீங்கள் எத்தனை ரெக்டிஃபிகேஷன் போட்டாலும் பிரயோஜனமில்லை. நிறுவனம் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அது 26ஏஎஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ‘மறுபடி ப்ராசஸ்’. இந்த வரிசை மாறினால் மாதங்கள்தான் வீண்.

நிறுவனம் வரியைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டவே இல்லை என்றால்? அங்கே 205-ஆம் பிரிவு உங்கள் பக்கம். பிடித்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது. வரி வாரியமும் 2015-இல் அதிகாரிகளுக்கு இதை எழுதியே நினைவூட்டியது. ஆனாலும் கணினி கேட்கும். அப்போது வரி பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டும், மீதிச் சம்பளம் வங்கியில் வரவான பதிவும்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது இடி, ‘உரிமை ஏ.ஓ.வுக்கு மாற்றப்பட்டது’ என்கிற வரி. சிபிசி தன் கையில் இருந்ததை உங்கள் வட்டார அசெஸிங் ஆபீசரிடம் தள்ளிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மனு கிணற்றில் போட்ட கல்தான். சிபிசியைக் கேட்டால் ஏ.ஓ. என்பார்கள், ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டால் எங்கள் திரையில் இன்னும் வரவில்லை என்பார்கள். டிடிஎஸ் பொருந்தாமை, முடிவே காணாத ரெக்டிஃபிகேஷன் மனுக்கள் இரண்டையும் டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இலேயே தானாக முன்வந்து விசாரித்துத் துறைக்குக் கட்டளைகள் போட்டது. அப்புறமும் இந்தப் பந்து உருட்டல் ஓயவில்லை.

இன்னோர் எல்லையும் உண்டு. 154-இல் திருத்தக்கூடியது பதிவேட்டைப் பார்த்தவுடன் தெரிகிற பிழை மட்டுமே. நீண்ட வாதம் செய்துதான் நிறுவ முடியும், இரண்டு கருத்துக்கு இடமுண்டு என்றால் அது 154-க்குள் வராது என்று 1971-இல் வால்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகார்: நெம்புகோல் மட்டும்

போர்ட்டலிலேயே இ-நிவாரண் என்ற புகார் வசதி இருக்கிறது, மத்திய அரசின் பொதுப் புகார்த் தளமான சிபிகிராம்ஸ் தனியாக இருக்கிறது. சிபிகிராம்ஸில் 2024 ஆகஸ்டிலிருந்து 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதிமுறை. 154-இன் 6 மாதத்தோடு ஒப்பிட்டால் வேகம்தான். ஆனால் ‘தீர்த்தல்’ என்றால் பெரும்பாலும் புகாரை மூடுவது. ‘தங்கள் ரெக்டிஃபிகேஷன் பரிசீலனையில் உள்ளது, தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுவார்கள்.

புகாரால் உங்கள் வரிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட மாறாது. புகாரைப் பார்க்கிறவருக்கு உத்தரவைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. அதனால் முதல் அடியாகப் புகார் போடுவது வீண். ரெக்டிஃபிகேஷன் போட்டு, கெடு தாண்டிய பிறகு, மனு எண்ணையும் தேதியையும், 6 மாதக் கெடுவைச் சொல்லும் 154(8)-ஐயும் குறிப்பிட்டு நான்கே வரியில் போட்டால் அசைவு தெரியும். கதை முழுவதையும் எழுதினால் கதைக்குத்தான் பதில் வரும்.

இந்த வேலைக்கென்றே முன்பு வருமான வரி குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருந்தார். 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அந்த அமைப்பையே கலைத்துவிட்டது. இணைய வழிப் புகார் வந்துவிட்டதால் தேவையில்லை என்பது காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனிதர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்பதும், திரையில் ‘மூடப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வருவதும் ஒன்றா?

அப்பீலும் 264-ம்: உண்மையான போட்டி இங்கேதான்

அப்பீல் எல்லோருக்கும் தெரியும். ஃபார்ம் 35, இன்டிமேஷன் கிடைத்த 30 நாளுக்குள். வருமானம் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் கட்டணம் 1,000 ரூபாய். நடந்ததைச் சுருக்கி 1,000 சொல்லுக்குள் சொல்ல வேண்டும், ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் 100 சொல்தான் இடம். நீங்களே ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரியை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். விசாரணை இப்போது முகம் பார்க்காத முறை, எல்லாம் திரை வழியே.

இந்த 30 நாள்தான் பெரிய பொறி. ரெக்டிஃபிகேஷன் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அப்பீல் நேரம் போய்விடும். ரெக்டிஃபிகேஷன் போட்டால் அந்தக் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்க அப்பீலைக் கேட்பவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது அவர் மனம் வைத்தால்தான். ரெக்டிஃபிகேஷனை மறுத்துப் போடும் உத்தரவின் மேல் தனியாக அப்பீல் போக முடியும் என்பது ஓர் ஆறுதல். அதில் எழும் கேள்வி, பிழை 154-க்குள் வருமா வராதா என்பதோடு நின்றுவிடும்.

அப்பீலின் மெதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்பீல் போட்ட நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ‘முடிந்தால்’ என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல்லில் வருஷங்கள் போய்விடும். அதுவரை டிமாண்டும் தானாக நிற்காது. நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். வாரியத்தின் 2017 சுற்றறிக்கைப்படி வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். 50,000 ரூபாய் டிமாண்ட் என்றால், கட்டத் தேவையே இல்லாத வரிக்கு 10,000 ரூபாய் முன்பணம்.

264 அவ்வளவாக யாரும் பேசாத வழி. முதன்மை ஆணையரிடம் மறுசீராய்வு கேட்பது. கட்டணம் 500 ரூபாய். நேரம் 30 நாள் அல்ல, ஓராண்டு. இதில் வரும் உத்தரவு உங்களுக்குப் பாதகமாக இருக்கக் கூடாது, அது சட்டத்திலேயே இருக்கிறது. அப்பீலில் அந்தக் காப்பு இல்லை, அங்கே வரியைக் கூட்டவும் முடியும். 143(1) இன்டிமேஷனும் 264-க்குள் வரும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சொந்தத் தவறால் அதிகம் கட்டியவர்கள்கூட இதில் கேட்கலாம். விண்ணப்பித்த நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் உத்தரவு போட வேண்டும், இங்கே ‘முடிந்தால்’ கிடையாது.

விலை என்னவென்றால், அப்பீலை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று அப்பீல் நேரம் முடிந்திருக்க வேண்டும், அல்லது அந்த உரிமை வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும். ஆணையர் மறுத்தால் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட்தான். அப்பீலில் தோற்றவருக்குத் தீர்ப்பாயம் என்று ஒரு நல்ல படி இருக்கிறது.

சம்பளக்காரர், ஓய்வூதியர், ஒன்றிரண்டு வைப்பு வட்டி உள்ளவர், பிழை சட்ட விளக்கத்தில் அல்ல, விவரங்களில், 30 நாள் போய்விட்டது: இவர்களுக்கு நான் 264 என்றே சொல்வேன். ஆடிட்டர்கள் ஏனோ அப்பீலுக்கே இழுக்கிறார்கள். ஃபார்ம் 35 பழகிப்போன தடம் என்பதுதான் காரணமாக இருக்கும்.

சட்டத்தைப் படித்ததில் தகராறு என்றால் அப்பீல்தான். குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ வரித் தள்ளுபடி விவகாரம் நல்ல உதாரணம். புதிய வரி முறையில் அப்போதைய வரம்பான 7 லட்சத்துக்குள் வருமானம் இருந்தவர்களுக்கு, பங்கு விற்ற குறுகிய கால லாபத்தின் வரிக்கும் அந்தத் தள்ளுபடி உண்டா என்பது அன்றைய கேள்வி. 2024 ஜூலை 5-இல் துறை மென்பொருளை மாற்றியது, அன்றிலிருந்து கேட்கவே வழியில்லாமல் போயிற்று. அப்போது சட்டத்தில் எதுவும் மாறவில்லை, மென்பொருள்தான் மாறியது. வரி செலுத்துபவர் கோரிக்கையை வைப்பதையே மென்பொருள் தடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பதை அந்த அமர்வு முடிவு செய்யவில்லை. இரண்டு கருத்துக்கு இடமுள்ள இப்படிப்பட்ட ஒன்றை 154-இல் கொண்டுபோய் மல்லுக்கட்டிப் பயனில்லை.

ரிட் மனுவை முதல் வழியாக எண்ண வேண்டாம். வேறு வழி இருக்கிறதே என்று நீதிமன்றமே திருப்பி அனுப்பும். 154-இன் 6 மாதம் தாண்டியும் பதிலே இல்லை என்றால் ‘முடிவெடுக்கச் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம், அங்கே பலிக்கும்.

எதில் ஜெயித்தாலும் வேலை முடியவில்லை. அப்பீலிலோ 264-இலோ உங்கள் பக்கம் உத்தரவு வந்த பிறகு, அதை ஏ.ஓ. கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கு 153(5)-இன்படி அடிப்படைக் கெடு, அப்பீல் உத்தரவு துறைக்குக் கிடைத்த மாதம் (264 என்றால் உத்தரவு போட்ட மாதம்) முடிந்து 3 மாதம். அதுவரை போர்ட்டலில் பழைய டிமாண்ட் அதே சிவப்பில் நிற்கும், அடுத்த ரீஃபண்டில் கழிக்கவும் பார்க்கும். புகார்ப் பெட்டி உண்மையாகவே வேலை செய்வது இந்தக் கட்டத்தில்தான். கையில் உத்தரவு இருப்பதால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூட முடியாது. உத்தரவு எண், தேதி, 3 மாதம் முடிந்த நாள், உத்தரவின் பிடிஎஃப், இவற்றோடு சிபிகிராம்ஸில் போடுங்கள்.