நூறடிச் சாலையில் நான்கு ஆண்டுகள்: சுமோ மென்பொருளைப் பயன்படுத்திய அனுபவம்

புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை செல்லும் நூறடிச் சாலையை, நான்கு ஆண்டுகளாகச் சுமோ என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து வருகிறேன். பொறியியல் மாணவர்களுக்குப் போக்குவரத்துப் பாடம் எடுப்பது என் வேலை. ஒரு செமஸ்டர் செயல்திட்டமாகத் தொடங்கிய இது, அந்த மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்ற பிறகும் என்னை விடவில்லை. ஒரு வாரப் பழக்கத்தில் தெரியாத, நெடுநாள் கூடவே இருந்தால் மட்டுமே புலப்படும் குணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மானிய விண்வெளி மையம் 2000ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கி, 2001 முதல் திறந்தமூலமாக வழங்கிவரும் மென்பொருள் இது. காசு கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் துறையில் உள்ள சாதாரண மடிக்கணினியே போதுமானதாக இருக்கிறது. இதில் ஒவ்வொரு வண்டியும் தனக்கென்று முடிவெடுக்கும் ஒரு மென்பொருள் முகவர். தான் எங்கே போக வேண்டும், முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வேகத்தைக் கூட்டலாமா, தடம் மாறலாமா என்பதையெல்லாம் அது நொடிக்கு நொடி தானே தீர்மானிக்கிறது. நெரிசல் என்பது யாரும் எழுதி வைத்ததன்று. அந்தத் தனித்தனி முடிவுகளிலிருந்து தானாக எழுவது. வகுப்பில் இதைப் புரியவைக்க, நாகல், ஷ்ரெக்கன்பெர்க் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட மாதிரியைத்தான் முதலில் காட்டுவேன். சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, வேகம் கூட்டு, இடிக்காமல் குறை, அவ்வப்போது காரணமின்றிச் சற்றுத் தயங்கு, நகர் என்ற நான்கே விதிகளைக் கொடுத்தால், விபத்தோ தடையோ இல்லாத சாலையிலும் நெரிசல் ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்வதை மாணவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கிவிட்டால், வண்டிகள் மிதமாக இருக்கும்வரை அந்த அலையும் எழுவதில்லை.

எங்கள் சாலையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து எடுத்து முதன்முதலில் ஓட்டியபோது, வண்டிகளெல்லாம் சாலையின் வலப்பக்கமாகச் சென்றன. இடப்பக்கப் போக்குவரத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும். அது எளிய திருத்தம். அதைவிடப் பெரிய சிக்கல், மென்பொருள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் வண்டி 5 மீட்டர் நீளமுள்ள கார் என்பதும், அது முன்வண்டிக்குப் பின்னால் 2.5 மீட்டர் இடைவெளி விட்டு, ஒரு தடத்துக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் என்பதும்தான். இந்திரா காந்தி சிலையில் சிவப்பு விளக்கு விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். விழுப்புரம் பேருந்துக்கும் நடுத்தடுப்புக்கும் இடையிலுள்ள இரண்டடிச் சந்தில் பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, கோட்டுக்கு முன்னால் வந்து பக்கவாட்டில் விரிந்து நிற்கும். பச்சை விழுந்ததும் பேருந்து முதல் கியரில் அசைவதற்குள் அவை சந்திப்பைக் கடந்திருக்கும்.

இதைக் காட்டுவதற்குத் தடத்தை அகலவாக்கில் சிறு பட்டைகளாகப் பிரிக்கும் வசதி சுமோவில் இருக்கிறது. ஆனால் நாம் இயக்கினால்தான் அது செயல்படும். இரு சக்கர வண்டியின் அகலம், பக்கவாட்டில் அது விடும் இடைவெளி, அது விரும்பி நிற்கும் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சரிபார்க்க எனக்கு ஏறத்தாழ அரை ஆண்டு ஆயிற்று. நம்மவர்கள் முன்வண்டியை ஒட்டிச் செல்வதைக் காட்ட இடைவெளி நேரத்தை ஒரு நொடிக்குக் கீழே குறைத்தால், மென்பொருள் எத்தனை நொடிக்கு ஒரு முறை கணக்கிடுகிறது என்ற கால அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி, இரு சக்கர வண்டியைப் போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து 0.5 அல்லது 0.75 கார் அலகாக, அதாவது அத்தனை காருக்கு ஈடாக, கணக்கிடச் சொல்கிறது. சாலையின் கொள்ளளவைத் தோராயமாக அறிய அது போதும். ஆனால் சிக்னல் கோட்டில் பைக் நிற்பது காரின் பாதி இடத்தில் அன்று. கார் நுழையவே முடியாத இடத்தில். முகவர் முறை அந்த அலகுக் கணக்கை விஞ்சுவது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் ஆண்டின் இறுதியில் என் சிமுலேஷன் மிக அழகாக ஓடியது. மாலை நெரிசல் நேரத்திலும் வரிசைகள் கட்டுக்குள் இருந்தன. நான் பெருமையோடு அதைத் துறையில் காட்டவும் செய்தேன். சில நாள் கழித்து, அதுவரை படிக்காமல் விட்டிருந்த பதிவுக் கோப்பைத் திறந்தபோது, ஒரே எச்சரிக்கை வரி பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி 300 நொடிகளுக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றால், வலைப்பின்னல் முழுவதும் உறைந்துவிடாமல் இருப்பதற்காக, அதைத் தூக்கி அதன் பாதையில் இடமிருக்கும் அடுத்த பகுதியில் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் இயல்பான ஏற்பாடு. கையேட்டிலும் அது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. படிக்காதது என் பிழை. நெல்லித்தோப்புப் பக்கத்தில் சிக்கிக்கொண்ட வண்டிகள் இப்படி மாயமாகிக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சந்திப்பு அவ்வளவு சீராகத் தெரிந்தது. அந்த ஆண்டு எடுத்த முடிவுகளை முழுவதுமாக ஒதுக்கிவிட்டேன். இன்றுவரை என் மாணவர்கள் எந்த வரைபடத்தைக் கொண்டுவந்தாலும், எத்தனை வண்டிகள் தூக்கி வைக்கப்பட்டன என்பதுதான் என் முதல் கேள்வி.

அதேபோல, ஒரே ஓட்டத்தை நம்பி எதையும் சொல்லக்கூடாது. மென்பொருளின் தற்செயல் தேர்வுகளுக்கு அடிப்படையாக நாம் கொடுக்கும் தொடக்க எண்ணை மாற்றாமல் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். அது உறுதிப்பாடு ஆகாது. வெவ்வேறு தொடக்க எண்களோடு இருபது முறையாவது ஓட்டி, இரண்டு திட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு காலத்தில் நம்பியிருந்த இரண்டு மேம்பாடுகள் இந்தச் சோதனையில் காணாமல் போயின.

மூன்றாம் ஆண்டில் சிக்னல்களையும் முகவர்களாக்கினேன். பைத்தான் நிரல் வழியாக ஓடும் சிமுலேஷனோடு பேசுவதற்குச் சுமோ தரும் இடைமுகம், இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு சிக்னலும் தனக்கு வரும் சாலையிலுள்ள வரிசையிலிருந்து வெளியேறும் சாலையிலுள்ள வரிசையைக் கழித்து, அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே பச்சை கொடுக்கும் எளிய விதியை அதன் வழியே எழுதினேன். எந்தத் தலைமை அலுவலகத்தையும் கேட்காமல் அந்தந்தச் சந்திப்பே முடிவெடுக்கும். சிக்னல் நேரத்தைக் கணக்கிட வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1958இல் தந்த சூத்திரப்படி அமைத்த நிலையான நேரத்தைவிட இந்த முகவர்கள் நன்றாகவே செயல்பட்டன. அந்த மகிழ்ச்சி சில வாரங்கள் நீடித்தது.

மரப்பாலம் பக்கமுள்ள ஒரு டீக்கடையில், மடிக்கணினியில் இது ஓடுவதை ஒரு டெம்போ ஓட்டுநருக்குக் காட்டினேன். நகரப் பேருந்துக்கு ஈடாக இந்த ஊரைச் சுமக்கும் ஷேர் டெம்போவை ஓட்டுபவர் அவர். திரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சார், ஒங்க டெம்போ எதுவுமே ஆள் ஏத்த நிக்கலையே?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சந்திப்பைத் தாண்டிய உடனே, வளைவு முடியும் இடத்திலேயே, இரண்டு மூன்று டெம்போக்கள் ஓரங்கட்டியும் கட்டாமலும் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் என் முகவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

அன்றிரவே டெம்போக்களுக்கு அந்த நிறுத்தங்களைச் சேர்த்து ஓட்டினேன். வரிசை நேரில் காணும் நீளத்துக்கு வளர்ந்தது. பச்சை விழுந்தும் போக இடமில்லாமல் வண்டிகள் சந்திப்பின் நடுவிலேயே நின்றன. என் சிக்னல் முகவர்களோ, வெளியேறும் பக்கம் நிரம்பியிருப்பதைக் கண்டு அந்தத் திசைக்குப் பச்சை கொடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே சென்றன. விதிப்படி அது சரியான முடிவு. காத்திருப்பவர்களுக்கு அது அநியாயம். பிறகு சிக்னலைப் பழைய நிலையான நேரத்துக்கே மாற்றிவிட்டு, டெம்போ நிறுத்தத்தை மட்டும் சந்திப்பைத் தாண்டி இன்னும் சற்றுத் தொலைவுக்குத் தள்ளி வைத்து ஓட்டினேன். இருபது ஓட்டங்களிலும் முகவர் சிக்னலைவிட அது மேலாக இருந்தது. மூன்று ஆண்டுகளாகச் சிக்னல் நேரத்தைப் பற்றியது என்று நினைத்த கேள்வி, சந்திப்பை விட்டு வெளியேறும் வழியைப் பற்றியதாக இருந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலையருகே உள்ள ரயில்வே கேட்டை என்னால் இன்னும் சரியாகக் காட்ட முடியவில்லை. கேட் மூடியதும் இருபுறமும் வண்டிகள் எதிர்த்தடத்தையும் நிரப்பி நிற்பதும், திறந்ததும் முகத்தோடு முகம் முட்டிக்கொள்வதும், தடத்தை மதிக்கும் முகவர்களுக்கு வராத பழக்கம். நினைத்த இடத்தில் சாலையைக் கடக்கும் பாதசாரிகளும் அப்படியே. மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிய பிறகு, நிறுத்த இடம் தேடி ஒயிட் டவுனின் குறுக்குத் தெருக்களைச் சுற்றும் கார்களை மட்டும் ஓரளவு நன்றாகவே காட்ட முடிகிறது. ஒருவருடைய நாள் முழுவதுமான பயணத்தைக் கற்றுக்கொள்ளும் மேட்சிம் மென்பொருளையும் முயன்றேன். வீட்டுக்கு வீடு பயண விவரம் இல்லாமல் அது பயன் தராது என்பதால் விட்டுவிட்டேன்.

கடலூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இந்த ஆண்டு திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையச் சுற்றுவட்டாரத்தை இதேபோல் செய்யத் தொடங்கியிருக்கிறார். மடிக்கணினியைத் திறக்கும் முன், ஷேர் ஆட்டோக்கள் எந்தெந்த இடத்தில், எத்தனை நொடி நிற்கின்றன என்பதை நிறுத்துக்கடிகாரத்தோடு போய்க் குறித்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருக்கிறேன்.