ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டதா? சாவியைத் திருப்பிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பக்கம், காரைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முன்பக்க இடது சக்கரத்தில் இரைச்சல் கேட்டதால் ஒரு பட்டறையில் பேரிங் மாற்றக் கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு சற்றுத் தூரம் ஓட்டியதுமே ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) என்ற மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. திரும்பிப் போய்க் கேட்டபோது, கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கூடப் பார்க்காமல், "பேரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஏபிஎஸ்ஸை இயக்கும் மாடியூல் போய்விட்டது" என்றார் பட்டறைக்காரர். புதிய மாடியூலுக்கும் கூலிக்குமாக 11,500 ராண்டு வாங்கினார். விளக்கு அணைந்தது உண்மைதான். ஆனால் அதன்பிறகு சாவியைத் திருப்பும்போதும் அது எரியவேயில்லை.

சந்தேகம் அங்கேதான் பிறந்தது. நல்ல நிலையில் உள்ள காரில் சாவியைத் திருப்பியதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்காக ஏபிஎஸ் விளக்கு சில வினாடிகள் எரிந்து, பிறகு அணையும். அந்தச் சில வினாடிகளும் எரியாத விளக்கு, பழுதானதாகவோ யாரோ மறைத்துவைத்ததாகவோ இருக்க வேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். மீட்டர் பலகையைக் கழற்றிய அவர், விளக்கின் முன் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டை நகத்தால் உரித்தெடுத்து என் கையில் வைத்தார். புதிதாக மாற்றியதாகச் சொன்ன மாடியூலின் மேல் பல வருட அழுக்கு அப்படியே படிந்திருந்தது. அதன் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பிறகு ஸ்கேனரை மாட்டி, வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரங்கள் 20 கிலோமீட்டர் வேகம் காட்ட, இடது முன் சக்கரம் மட்டும் பூஜ்யத்தில் நின்றது. "பாருங்கள் அண்ணா, பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

இப்போதைய பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலுக்குள் வட, தென் துருவங்கள் மாறிமாறி அமைந்த காந்த வளையம் இருக்கிறது. சக்கரம் சுழலும்போது சென்சார் அதைப் படித்துத்தான் வேகத்தைக் கணிக்கிறது. பார்வைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பக்கம் மாற்றி அழுத்திப் பொருத்திவிட்டால் சென்சாருக்கு எந்தச் சிக்னலும் கிடைக்காது. அழுத்துவதற்கு முன் ஒரு பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோயிருந்தாலே, காந்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். அந்தச் சிறிய வேலையைச் செய்யாததைவிட, தவறை மறைக்க டேப் ஒட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால், ஏபிஎஸ் செயலிழந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும் என்பதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. மழையில், டர்பன் அருகிலுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் சாலையின் இறக்கத்தில் சட்டென்று அழுத்தி மிதித்தால்தான், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கும். மஞ்சள் விளக்குடன் சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். அப்போது வண்டியை ஓரங்கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கழற்றிய பழைய பாகங்களை, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, பட்டறை நம்மிடம் திருப்பித் தர வேண்டும். பொருத்திய பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. பழைய மாடியூலைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அது இன்னும் என் காரில்தான் இருக்கிறது என்பதற்கான படங்கள், பில், இரண்டாவது மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றுடன் மோட்டார் தொழில்துறை ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் அளித்திருக்கிறேன்.