கிட்டார்ல லீட் (சோலோ) டோனுக்கு ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் ஆம்ப் எப்படி?

தாராளமா வாங்கலாம். 15 வாட்ஸ், ரெண்டு இஎல்84 பவர் ட்யூப் (சத்தத்தை பெருக்கற வால்வு), ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், வீட்டுக்கு இதுவே அதிகம். வால்யூமை நல்லா ஏத்தி மாஸ்டர் வால்யூமை கம்மியா வச்சா ப்ரீஆம்ப்லயே (ஆம்ப்போட முதல் கட்டம்) டிரைவ், அதாவது அந்த கரகரப்பு, வந்துடும், மிடில் நாபை (நடு ஒலி) மட்டும் தயவுசெஞ்சு குறைக்காதீங்க, பேண்டோட வாசிக்கும்போது லீட் தனியா கேக்கறதே அதாலதான். சிங்கிள் காயில் (ஒத்தை சுருள் பிக்கப்) கிட்டார்னா ஆம்ப்ல இருக்கற ஃபேட் சுவிட்சை போடுங்க, முதல் ஸ்ட்ரிங்ல அந்த கீச்சு அடங்கி நோட் கனமா விழும். சஸ்டெய்ன் (நோட் நீண்டு ஒலிக்கறது) பத்தலையா, ஆம்ப்புக்கு முன்னாடி ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் கம்மி லெவல் ஃபுல், பேஸ் கொஞ்சம் குறைஞ்சு மிட்ஸ் தூக்கிக் கொடுக்கும். எனக்கு ரொம்ப பிடிச்சது, கிட்டார் வால்யூமை லேசா இறக்கினாலே டோன் கிளீனாயிடுது, பெடலை மிதிக்கவே வேணாம். பெரிய மேடைல டிரம்ஸோட சத்தமா கிளீன் டோன் வேணும்னா 15 வாட்ஸ் பத்தாது, மைக் வச்சே ஆகணும்.