பைனாகுலரா, டெலஸ்கோப்பா? தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டை மொட்டைமாடிக்கு எது ஒத்துவரும்

பிள்ளைக்கு வானம் காட்டவேண்டும் என்றதும் பலர் டெலஸ்கோப் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை அது மூன்றாம் இடத்துக்குரிய பொருள். முதலிடம் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்கு.

காலண்டரில் ரோகிணி என்றிருந்தால் அன்று நிலா ரோகிணி நட்சத்திரத்தின் அருகில் நிற்கும். ஆனால் 'பகல் 2.10 வரை' என்று போட்டிருந்தால் இரவுக்குள் மிருகசீரிடம் வந்துவிடும். அதையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை நான்கும் தொடக்கத்துக்கு நல்லவை. சுவாதியில் ஆரம்பித்தால் பிள்ளை குழம்பும். நிலாவுக்கும் அதற்கும் சுமார் 30 பாகை இடைவெளி. கையை நீட்டி மூடினால் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. சிறுவர்களுக்குக் கையும் குட்டை, முஷ்டியும் சின்னது என்பதால் கணக்கு மாறாது.

தை கடைசியில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே திரும்பினால், உயரத்தில் மின்னும் சீரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கு மூன்றரை முஷ்டி கீழே அகத்திய நட்சத்திரம் இருக்கும். செங்கோட்டையிலிருந்து பொதிகையும் அதே திசைதான். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காட்சி, தவறவிடாதீர்கள். துருவ நட்சத்திரமோ வெறும் 9 பாகை உயரம், தென்னந்தோப்பிலேயே மறைந்துவிடும். மேற்கே மலை நிற்பதால் மூன்றாம் பிறையும் பல நாள் சிக்காது.

கைபேசியில் வானம் காட்டும் செயலி, நட்சத்திரத்தின் பெயரைச் சரிபார்க்க மட்டும். இரும்புத் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிக் கம்பி அருகே அதன் திசைகாட்டி பிசகும். திரை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக 20 நிமிடமாவது ஆகும். சிவப்புத் திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பைனாகுலரில் 10×50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பெரியவர் கைக்கு. பிள்ளைக்கு 8×40 போதும்: எடை குறைவு, நடுக்கமும் குறைவு. வாங்கும்போது இரு குழாய்களையும் முழுக்க மடக்கிப் பாருங்கள். பிள்ளையின் கண் இடைவெளிக்கு ஒடுங்காவிட்டால் ஒரு கண்ணால்தான் பார்க்கும், அதை வெளியே சொல்லவும் தெரியாது. கட்டிலில் மல்லாந்து படுத்தோ கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றியோ பார்த்தால் கார்த்திகைக் கூட்டம், வியாழனின் நான்கு நிலாக்கள், நிலாப் பள்ளங்கள் எல்லாம் தெரியும். பள்ளங்களுக்கு அஷ்டமியை ஒட்டிய நாளே சரி. பௌர்ணமியில் நிழல் விழாமல் தட்டையாகிவிடும்.

சனியின் வளையம் வேண்டுமென்றால் டெலஸ்கோப் இல்லாமல் முடியாது. 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம், 25 மி.மீ. கண்லென்ஸ் போட்டால் 28 மடங்கு (700÷25). வளையம் சிறிதாகத் தெரிய அதுவே போதும். பெட்டியில் அச்சிட்ட '525 மடங்கு' வெறும் விளம்பரம், 70 மி.மீ.க்கு 140தான் உச்சம். 10 மி.மீ. கண்லென்ஸில் 70 மடங்கு வைத்தால் பூமி சுழல்வதால் கோள் மூன்று நிமிடத்தில் காட்சியைத் தாண்டிப் போய்விடும். பிள்ளை குனிந்து பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை! பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஈக்வடோரியல் தாங்கியைத் தவிர்க்கலாம்: நம் 9 பாகை அட்சரேகைக்குச் சாய்த்தால் பலவற்றில் எதிரெடை முக்காலிக் காலில் இடிக்கும். மேல்கீழ், இடவலமாகத் திரும்பும் எளிய தாங்கி போதும். கண்லென்ஸில் திருகும் சூரிய வடிகட்டி வந்திருந்தால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள், சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும்.

சாரல் மாதங்களில் இரண்டுக்கும் ஒரே எதிரி, லென்ஸ் பூஞ்சை. மூடும்முன் மின்விசிறிக் காற்றில் அரை மணி உலரவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நீல மணிகள் ரோஜா நிறமானால் மாற்றவேண்டும்.