நாலரை வருடப் போனும் காணாமல் போன பட்டனும்

சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் தீப்பெட்டி வைத்துத் தாங்கினால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலைக்கு வந்தபிறகுதான் போனை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். 2021 பிப்ரவரியில் வாங்கியது. நாலரை வருடத்தில் இதுதான் முதல் ரிப்பேர். மறுநாள் மாலையே திருப்பித் தந்தார்கள். 850 ரூபாய் ஆனது. சார்ஜ் பின் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மென்பொருளையும் மாற்றிவிட்டார்கள். "அப்டேட் ஃப்ரீயாவே போட்டு விட்டிருக்கோம் சார்" என்று கவுண்டரில் இருந்த பையன் சந்தோஷமாகத்தான் சொன்னான். ஆண்ட்ராய்டு 11இல் இருந்த போன் 13க்குப் போயிருந்தது.

நான் அதுவரை அப்டேட் கேட்டு வந்த அறிவிப்பையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். பாதுகாப்புக்கு அது நல்லதில்லை என்று தெரியும். இருந்தும் தள்ளியதற்குக் காரணம், வைஃபைக்கு இருந்த தனிப் பட்டனையே எடுத்துவிடும் மாற்றத்தைக் கூட வேலை பார்ப்பவரின் போனில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இன்றும் காலையிலிருந்து இரவு பத்து மணிவரை தாங்குகிறது. இரண்டு முறை பைக்கிலிருந்து விழுந்திருக்கிறது, ஓரத்தில் சின்னக் கீறல் மட்டும்தான். வெயிலில் திரை நன்றாகத் தெரியும். சத்தம் அதிகமான கடையில் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகப் போகும். 16,000 ரூபாய்க்கு இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இதே மாடலில் இன்னொன்று வாங்கி அம்மாவுக்கும் கொடுத்தேன்.

இனி அந்த மாற்றத்துக்கு வருகிறேன். முன்பு திரையை மேலிருந்து இழுத்தால் வைஃபைக்கு ஒரு பட்டன், மொபைல் டேட்டாவுக்கு ஒரு பட்டன் தனித்தனியாக இருக்கும். தொட்டால் அணையும், மறுபடி தொட்டால் எரியும். இப்போது இரண்டும் போய் 'இன்டர்நெட்' என்று ஒரே பட்டன் இருக்கிறது. அதைத் தொட்டால் எதுவும் அணைவதில்லை, இன்னொரு பெட்டி திறக்கிறது. அந்தப் பெட்டி நிரம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. மேலே மொபைல் டேட்டா, அதன் கீழே வைஃபை, அதற்கும் கீழே பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்கள். அதில் சரியான சுவிட்சைத் தேடித் தொட்டு, அப்புறம் பெட்டியை மூட வேண்டும். இழுத்து ஒரு தட்டு தட்டினால் முடிந்த வேலைக்கு இப்போது இழுத்து, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டி, மூட வேண்டியிருக்கிறது.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று என் மனைவி கேட்டாள். எனக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் வைஃபை பெட்டி இருக்கிறது. அதன் சிக்னல் தெருமுனை வரை ஒரு கோடாக வரும். காலை ஏழரை மணிக்குக் காய்கறி வண்டி வந்து நிற்பது சரியாக அந்த முனையில்தான். போன் அந்த ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடாது, அதில் நெட்டும் வராது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, தொகை போட்டு, பின் நம்பர் அடித்தபிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் வண்டியை நோக்கி நடக்கும்போதே கட்டைவிரலால் இழுத்து வைஃபையை அணைத்துவிடுவேன். கண் கத்தரிக்காய் மேலேயே இருக்கும். திரையைப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை, இடது பக்கம் முதல் பட்டன் என்று விரலுக்குத் தெரியும்.

போன் மாறி வந்த மறுநாள் காலை 90 ரூபாய்க்குக் காய் வாங்கினேன். விரல் வழக்கம்போல இழுத்துத் தட்டியது. வைஃபை அணைந்துவிட்டது என்று நினைத்து, வந்த பெட்டியை மூடிவிட்டுப் பணம் அனுப்பினேன். வட்டம் சுற்றியது. "தம்பி, பொட்டி இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார் வண்டிக்கார அக்கா, பணம் வந்தால் சொல்லும் ஸ்பீக்கரைக் காட்டி. எனக்குப் பின்னால் மூன்று பேர். பணம் போனதா போகவில்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பவும் பயம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். என்னுடையது பத்து நிமிடம் கழித்து 'தோல்வி' என்று வந்தது. காசு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் நாலரை வருடமாக ஒரு நாளும் தவறாத விரல் அன்று தவறியது.

வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையிலும் இதே கதைதான். முன்பக்கம் கடை வைஃபை நன்றாக வரும், பின்னால் குடோனுக்குள் போனால் பெயருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சரக்கு எண்ணிக்கையை அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். ஒரு கையில் குழாய்க் கட்டு, ஒரு கையில் போன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை இந்தப் பெட்டியைத் திறந்து மூடுகிறேன்.

வைஃபை சரியில்லை என்றால் தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி ஒன்று செட்டிங்கில் இருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். மாறத்தான் செய்கிறது. ஆனால் எப்போது மாற வேண்டும் என்பதை அதுவே யோசித்து முடிவெடுக்கிறது, வண்டியின் முன்னால் வரிசை நிற்பது அதற்குத் தெரியாது.

இந்த மாற்றம் 2021 அக்டோபரில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12இல் தொடங்கியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் நியாயமாக இங்கே வைக்க வேண்டும். வைஃபை மந்தமாக இருந்தால் மக்கள் அதை அணைத்துவிடுகிறார்கள், திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள், தெரியாமலே மொபைல் டேட்டா செலவாகிவிடுகிறது என்றார்கள். இது உண்மைதான், எனக்கே நடந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் அணைத்ததை வீட்டுக்கு வந்தபிறகும் போடாமல் விட்டு, பிள்ளை பாட்டுப் பார்த்ததில் அன்றைய 1.5 ஜிபியும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதனால் அந்தக் காரணத்தைத் தவறு என்று சொல்ல மாட்டேன். மறந்ததை நினைவுபடுத்தட்டும், அரை மணி நேரம் கழித்து 'வைஃபை அணைந்திருக்கிறது, போடட்டுமா' என்று கேட்கட்டும், நன்றி சொல்வேன். மறப்பவர் மறக்கக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் வாசலில் இன்னொரு கதவு வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், இரண்டு வேலையையும் ஒரே பட்டனில் வைக்கும் வழி ஆண்ட்ராய்டிலேயே முன்பு இருந்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இல் வைஃபை படத்தைத் தொட்டால் உடனே அணையும், அதன் கீழே இருக்கும் பெயரைத் தொட்டால் பட்டியல் திறக்கும். அவசரக்காரருக்குப் படம், தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குப் பெயர். எவ்வளவு நல்ல யோசனை அது! கண்டுபிடித்து வைத்திருந்ததை ஏன் விட்டார்கள் என்று நினைக்கும்போதுதான் கோபம் கூடுகிறது.

ஐபோன்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, கண்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தொட்டால் அது முழுதாக அணைவதில்லை. இருக்கும் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, மறுநாள் காலை 5 மணிக்கு மறுபடி தேடத் தொடங்கும். முழுதாக அணைக்க செட்டிங்குக்குள் போக வேண்டும். ஆனாலும் அங்கே ஒரு தட்டில் துண்டிக்கவாவது முடிகிறது. தெருமுனையில் எனக்குத் தேவை அவ்வளவுதான்.

பழையபடி மாற்ற வழி உண்டா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் தேடினேன். ஆண்ட்ராய்டு 12இல் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டு பட்டன்களும் திரும்பி வந்திருக்கின்றன. 13க்குப் போயிருந்த என் போனில் அது வேலை செய்யவில்லை. சாதாரண ஆப் போட்டுப் பார்க்கலாம் என்றால், ஆண்ட்ராய்டு 10லிருந்தே வெளி ஆப்கள் வைஃபையை நேரடியாக அணைக்க முடியாதபடி தடை இருக்கிறது. மற்ற ஆப்களுக்குக் கூடுதல் அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஷிசுகு என்று ஒரு ஆப் இருக்கிறது, அதன் துணையோடு சில ஆப்கள் அந்தப் பட்டன்களைக் கொண்டுவருகின்றன. போட்டேன், ஒரு வாரம் அருமையாக வேலை செய்தது. ஆனால் போனை அணைத்துப் போட்டால் டெவலப்பர் செட்டிங்குக்குள் போய் அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். ஒரு பட்டனுக்காக இவ்வளவு வேலையா என்று எடுத்துவிட்டேன்.

எல்லா மாற்றத்துக்கும் நான் இப்படிக் கோபப்படுவதில்லை. பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் முன்பு போனை அணைக்கும் மெனு வரும், இப்போது பேசும் உதவியாளர் வருகிறது. எரிச்சல்தான். ஆனால் செட்டிங்கில் 'பழையபடி வேண்டும்' என்று மாற்ற ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் மாற்றினேன், மறந்தும் போனேன். மச்சானின் சாம்சங்கில் 2025இல் அந்த நிறுவனத்தின் புது மென்பொருளான ஒன் யூஐ 7 வந்தது. அறிவிப்புகள் ஒரு இழுப்பிலும் பட்டன்கள் இன்னொரு இழுப்பிலுமாகப் பிரிந்துவிட்டன. அதிலும் பழையபடி சேர்த்து வைக்க ஒரு தேர்வு இருக்கிறது, அவர் வீட்டில் நானே மாற்றிக் கொடுத்தேன். இன்னொன்றும் அங்கே கவனித்தேன்: அந்தப் போனில் வைஃபையும் மொபைல் டேட்டாவும் இன்றைக்கும் தனித்தனிப் பட்டன்கள்தான். ஆகவே போன் தயாரிப்பவர் நினைத்தால் பழைய வசதியை வைத்துக்கொடுக்க முடியும்.

என்னை விட அதிகம் அவதிப்படுவது அம்மா. அம்மா நத்தத்தில் இருக்கிறார், அங்கே வைஃபை இல்லை. தினம் 1.5 ஜிபி திட்டம்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, படத்தையும் இடத்தையும் வைத்துத்தான் போனைப் பயன்படுத்துவார். 'மேல ஒண்ணு கீழ ஒண்ணு அம்பு' என்பதுதான் அவருக்கு மொபைல் டேட்டா. அதைத் தொட்டு நெட்டைப் போட்டு, சாயங்காலம் பேத்தியோடு வீடியோவில் பேசிவிட்டு, மறுபடி தொட்டு அணைத்துவிட்டுப் படுப்பார். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு தீபாவளி விடுமுறை முழுதும் ஆனது. அம்மா அதை ஒரு நாளும் தப்பாகச் செய்ததில்லை.

என் போன் மாறிய அதே மாதத்தில், ஏதோ அறிவிப்பைத் தெரியாமல் அமுக்கியதில் அம்மாவின் போனும் அப்டேட் ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு இரவு சாதாரண அழைப்பில் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்த அம்பக் காணோமே."

"எந்த அம்பும்மா?"

"மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்குமே, அதுதான். நான் எதையும் தொடலப்பா."

நான் எதையும் தொடவில்லை என்று அம்மா சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோய் இரண்டு நாள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். போனிலேயே விளக்கிப் பார்த்தேன். உருண்டை மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொடுங்கள், பெட்டி வரும், மேலே இருக்கும் சுவிட்சைத் தொடுங்கள் என்றேன். முதல் தடவை அணைக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பயந்து வெளியே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அம்மா நெட்டை அணைப்பதே இல்லை. சொந்தக்காரர்களின் குரூப்பில் வரும் வீடியோ எல்லாம் தானாக இறங்கி, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு 1.5 ஜிபி தீர்ந்துவிடுகிறது. டேட்டா வீணாகக் கூடாது என்று கொண்டுவந்த மாற்றத்தால் என் அம்மாவுக்கு டேட்டா மிஞ்சுவதே இல்லை. இரண்டு பேரும் இப்போது காலை ஆறரை மணிக்குப் பேசிக்கொள்கிறார்கள், பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு. போன ஞாயிற்றுக்கிழமை நத்தத்துக்குப் போய், வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு வந்தேன். இதற்குமேல் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

கூட வேலை பார்க்கும் நண்பர் நேற்று கேட்டார். இதே நிறுவனத்தின் புது மாடலுக்கு விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்றார். பேட்டரியைப் பற்றியும், இரண்டு முறை விழுந்தும் உடையாததைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றேன். கடையில் கையில் வாங்கி மேலிருந்து இழுத்துப் பாருங்கள், வைஃபைக்குத் தனிப் பட்டன் இருக்கிற போனாகப் பார்த்து வாங்குங்கள், கேமராவெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்படியானால் நீங்கள் மாற்றப்போகிறீர்களா என்று கேட்டார்.

மாற்றப்போவதில்லை. நன்றாக ஓடுகிற போனைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பேட்டரியை மட்டும் அடுத்த வருடம் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது மென்பொருளைத் தொடக் கூடாது என்று கொடுக்கும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளப்போகிறேன்.