கிச்சன் தராசு: நடந்தும் எடை குறையாதவங்க வாங்கலாமா?

சேலம் முதல் அக்ரஹாரத்துல ஒரு பாத்திரக் கடையில வாங்குனது, நானூத்தி சொச்சம் ஆச்சு, 5 கிலோ வரைக்கும் நிறுக்கும், ரிமோட்டுக்கு போடுற பேட்டரி ரெண்டு போதும். பிராண்டுன்னு பெருசா ஒண்ணும் இல்லங்க. ஆனா வெயிட் குறைக்கன்னு வீட்ல வாங்கிப் போட்ட சாமான்லயே உருப்படியானது இது ஒண்ணுதான்.

எங்க வீட்டுக்காரரு தினம் காலைல மூக்கனேரி பக்கம் ஒரு மணி நேரம் நடக்கறாரு, நடைல குறையே சொல்ல முடியாது, தொப்பை மட்டும் அப்படியே இருந்துச்சு. கைல இருக்கற வாட்ச் 400 கலோரி எரிஞ்சிருச்சுன்னு காட்டும், உடனே "அதான் நடந்துட்டு வந்துட்டன்ல"ன்னு இன்னொரு தோசை கேப்பாரு. 70 கிலோ ஆளு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல நடந்தா சுமாரா 250தான் வரும், அதுலயும் 70 கிட்ட சும்மா உக்காந்திருந்தாலே எரியறது.

இப்ப தராசுக்கு வரேன். எண்ணெய் பாட்டில அது மேல வச்சு டேர் பட்டன அமுக்குனா ஜீரோ ஆயிடும், தோசைக்கு ஊத்திட்டு திரும்ப வச்சா எவ்வளவு குறைஞ்சுதோ அத மைனஸ்ல காட்டும். நாலு தோசைக்கு மைனஸ் 24 காட்டுச்சு. கிராமுக்கு 9 கலோரின்னா 216, காலைல நடந்தது மொத்தமும் கல்லுலயே போச்சு, இட்லி பொடிக்கு ஊத்துன நல்லெண்ணெய் இதுல சேரல. அவரே நின்னு பாத்தாரு, அன்னைக்கு சட்னிய கூட ரெண்டாவது தடவ கேக்கல.

ஜவ்வரிசி உப்புமா லைட்டான டிபன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, வேகாத ஜவ்வரிசியும் 100 கிராமுக்கு 350 கலோரி கிட்ட, அரிசி மாதிரியேதான், புரோட்டீன் மட்டும் அரிசில இருக்கற அளவு கூட கிடையாது. அப்புறம் ஒண்ணு, அரிசியா நிறுக்கறீங்களா சோறா நிறுக்கறீங்களான்னு பாத்துக்கங்க, சோறு 100 கிராமுக்கு 130தான், தண்ணி சேந்துருதுல்ல, ரெண்டையும் கலந்துட்டா கணக்கு மொத்தமா காலி. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய்த்துருவல் வச்சு தர்ற தட்டுவடை செட்டுக்கு தராசெல்லாம் வேலைக்காகாது, கேரட் பீட்ரூட் துருவல் பிரச்சனையே இல்ல, வடைதான் எண்ணெய்ல பொரிச்சது, அதனால வாரத்துக்கு ஒரு செட்டோட நிறுத்திக்கறோம்.

குறையும் இருக்கு. ரெண்டு மூணு கிராமுக்கு கீழ போட்டா அசையவே மாட்டேங்குது, நெய்ய அளக்க முடியல. கொஞ்ச நேரம் விட்டா தானா ஆஃப் ஆயிடும், டேர் போட்டது அழிஞ்சிரும், பாதி தோசை சுடறப்ப இப்படி ஆனா வர்ற கோவம் இருக்கே. பெரிய தட்டு வச்சா நம்பர் மறைஞ்சு போகுது. "சோத்தையெல்லாம் தராசுல வச்சா வீடு வெளங்குமா"ன்னு அத்தை ஒரு பாட்டம் திட்டுனாங்க, இப்ப மாங்கா ஊறுகாய்க்கு உப்பு நிறுக்க அவங்கதான் எடுக்கறாங்க.

வாங்குன மறுநாளே குறையும்னு நெனைக்காதீங்க. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி, தினம் 200 மிச்சம் பண்ணாலும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும். இவருக்கு பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ள போயிருக்கு, நடையும் அதே நடைதான். சுகர் மாத்திரை போடறவங்க மட்டும் டாக்டர கேக்காம சோத்த குறைக்காதீங்க, லோ சுகர் ஆகலாம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். வாங்கறப்ப கடையிலயே ஒரு கிலோ உப்பு பாக்கெட் வச்சு பாருங்க, கவரோட சேத்து ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல காட்டணும், குறைச்சலா காட்டுனா வேற பீஸ் எடுக்க சொல்லுங்க.